விட்டு விட்டு வரும் வயிற்று வலி

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம். 70 வயது தாண்டிய ஆயாவை மகன் அழைத்து வந்திருந்தார். நாலு நாளாக வாந்தி. வலி வரும், அரை நாள் அடங்கும், மறுபடி வரும். அடங்கும்போதெல்லாம் “கேஸ்தான்” என்று சோடாவும் மருந்துக்கடை மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

“ஆயா, காத்து பிரியுதா?”

“முந்தாநேத்தோட நின்னுபோச்சு நைனா.”

பச்சையாக இருந்த வாந்தி அன்று பழுப்பாகி, மல வாடை அடித்தது. குடல் அடைப்பு என்பது தெரிந்துவிட்டது. எதனால்? பழைய ஆபரேஷன் தழும்பு இல்லை, குடலிறக்கமும் இல்லை. எக்ஸ்ரேயில் உப்பிய குடல் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கல்லீரல் பகுதியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்ததை, சிடி ஸ்கேனில் குடலுக்குள் பித்தக்கல் தெரிந்த பிறகு திரும்பப் பார்த்துத்தான் கவனித்தேன். அது பித்தக்குழாயில் ஏறிய காற்று. அங்கே காற்றுக்கு வேலையே இல்லை. உப்பிய குடல், பித்தக்குழாயில் காற்று, இடம் மாறிய பித்தக்கல்: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எக்ஸ்ரே மருத்துவர் ரிக்லர் எழுதியது 1941இல். ஆனால் பித்தக்கற்களில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் சிடிதான் நம்பகமானது.

பித்தப்பையில் வருடக்கணக்கில் கிடந்த பெரிய கல் சுவரை அரித்து ஓட்டையாக்கி, ஒட்டிக் கிடக்கும் முன்சிறுகுடலுக்குள் விழுந்துவிடுகிறது. குடல் காற்று பித்தக்குழாயில் ஏறுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். கல் முன்சிறுகுடலிலிருந்து உருண்டு, சிக்கி, விடுபட்டு, மறுபடி சிக்கும். வலி விட்டு விட்டு வருவது இதனால்தான். சுமார் 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால், பெரும்பாலும் சிறுகுடல் முடிகிற குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளும். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. இந்த நிலையில் பேதி மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாந்தி பச்சையாகி, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்து, வாந்தியால் குறைந்த பொட்டாசிய உப்பைச் சரிசெய்த பிறகே ஆபரேஷன். கல் சிக்கிய இடத்தில் குடல் நசுங்கியிருக்கும், அங்கே கீறக் கூடாது. கல்லை விரலால் மெல்ல மேலே தள்ளி, நல்ல குடலில் நீளவாக்கில் கீறி எடுத்தோம். குடல் குறுகாமலிருக்கக் குறுக்குவாக்கில் தைத்தோம். கல் பெரிய நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் மட்டும் பட்டையாகத் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் இன்னொரு கல் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. குடல் முழுக்கத் தடவிப் பார்த்தோம். ஒரு முழம் தள்ளி, மேல்பக்கம் அதுவும் கிடந்தது.

பித்தப்பையையும் ஓட்டையையும் தொடவில்லை. அந்த உடம்பு அதைத் தாங்காது; பலருக்கு ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்.

“வாழைத்தண்டு சாறு குடுத்திருந்தா கரைஞ்சிருக்குமா சார்?” என்றார் மகன். ஊரில் அந்தச் சாற்றைச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பார்கள். பித்தக்கல் வேறு, அது சாற்றில் கரையாது என்று சொன்னேன். நாலாம் நாள் காற்று பிரிந்தது, அப்புறம் கஞ்சி குடித்தார். மறுபடி வலி வந்தால் உடனே, இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து, ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.