வாயப்பயமும் வாளப்பளமும்

'வாழைப்பழம்' என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ழகரம் வரும்போது நாக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. நுனியைப் பின்னுக்கு வளைக்கிறது. வளைத்த நுனியை அண்ணத்தில் ஒட்டவிடாமலும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிவிட்டால் அது ளகரம். இந்த நுணுக்கம் கைவரக் குழந்தைகளுக்கு நாளாகும். உலக மொழிகளிலும் இந்த ஒலி அரிது.

பேச்சு வேகமெடுக்கும்போது நாக்கு அந்த இரண்டில் ஒன்றைக் கைவிடுகிறது. எதைக் கைவிடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. மதுரையிலும் நெல்லையிலும் வளைவை வைத்துக்கொண்டு, ஒட்டாமல் இருப்பதை விட்டார்கள். 'வாளப்பளம்' வந்தது. சென்னையில் ஒட்டாமல் இருப்பதை வைத்துக்கொண்டு, வளைவை விட்டார்கள். நுனி கீழே இறங்கி, நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்பினால் யகரம். அப்படித்தான் 'வாயப்பயம்'. மழை மய ஆனதும், கோழி கோயி ஆனதும், கழுதை கய்த ஆனதும் இதே வழியில்தான். ய, ழ, ள மூன்றையும் நம் இலக்கணம் இடையினம் என்று ஒரே வீட்டில் வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்குள் மதுரைக்காரர் ஒரு பக்கம் நகர்ந்தார், மெட்ராஸ்காரர் மறுபக்கம் நகர்ந்தார். இருவரும் இழந்தது பாதிப் பாதி. ஆனால் வாளப்பளத்தை வட்டாரவழக்கு என்கிறோம், வாயப்பயத்தைக் கொச்சை என்கிறோம்.

இந்த வேறுபாடு எனக்குச் சின்ன வயதிலேயே உறைத்தது. வண்ணாரப்பேட்டைப் பிள்ளையான நான் நான்காம் வகுப்பில் 'வூடு' என்று சொன்னதற்காக, 'வீடு' என்று ஐம்பது முறை எழுதினேன். எழுதச் சொன்ன டீச்சர் அன்றைக்கே, "அந்தப் பொண்ணுகிட்ட இருந்து பொட்டிய வாங்கு" என்றார். பெண் எப்படிப் பொண்ணு ஆனதோ, அப்படித்தான் வீடு வூடு ஆனது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அது நடக்கும் விதம் இது. ப, ம, வ ஆகியவற்றுக்கு உதடு வேலை செய்கிறது. ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நாக்கு பின்னால் வளைகிறது. இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இ, எ மாட்டிக்கொண்டால் அவற்றுக்கு இடம் போதவில்லை. இவை பிறக்க உதடு விரிய வேண்டும், நாக்கு முன்னே வர வேண்டும். முன்னிருக்கும் மெய் உதட்டைக் குவிக்கிறது, பின்வரும் மெய் நாக்கைப் பின்னே இழுக்கிறது. விளைவாக இகரம் உகரமாகவும், எகரம் ஒகரமாகவும் சாய்கின்றன: பிடி புடி, பிள்ளை புள்ள, பெட்டி பொட்டி. இரண்டு பக்கத்து நெருக்கடியும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் பெட்டி பொட்டியாகிறது, கெட்டி கெட்டியாகவே நிற்கிறது. க சொல்ல உதடு தேவையில்லையே. பேசு போசு ஆகாததும் அதனால்தான், பின்னால் வளைநா ஒலி இல்லை.

தமிழ்நாடு முழுக்கக் குறிலில் நடப்பதை, சென்னையும் சுற்றியுள்ள வட மாவட்டங்களும் நெடிலுக்கும் நீட்டின. வீடு வூடு, வேணும் வோணும். எல்லாச் சொல்லும் சிக்கிவிடவில்லை. வேட்டியும் சைதாப்பேட்டையும் தப்பித்துக்கொண்டன.

அடுத்து 'கீது'. அதிகம் புழங்கும் சொல் குட்டையாக இருக்கும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1930களில் எழுதினார். 'இருக்கிறது' என்பதை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! அது தேயத்தான் செய்யும். மற்ற ஊர்கள் வாலை வெட்டி 'இருக்கு' என்றன. சென்னை தலையை வெட்டிக் 'கீது' என்றது. இருக்கிறான் கீறான் ஆனான். தலை போனாலும் நிகழ்காலமும் ஆண்பாலும் அப்படியே இருக்கின்றன.

சொற்கள் வந்த கதை தனி. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கால் வைத்தபின் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் தமிழோடு ஒரே தெருவில் புழங்கின. தெலுங்கில் தகப்பனைக் குறிக்கும் சொல் இங்கே யாரையும் பிரியமாக அழைக்கும் 'நைனா' ஆனது. பாரசீகத்திலிருந்து உருது வழியாக நாஷ்டாவும் பேஜாரும் வந்தன. கடன் வாங்கிய சொல் பொருள் மாறாமல் இருப்பது அபூர்வம். உருதுவில் தவுலத் என்றால் செல்வம். சென்னையில் 'தவுலத்து' என்றால் செல்வம் இருப்பவன் காட்டும் திமிர். கண்ணன் அர்ஜுனனிடம், இந்தக் 'கஸ்மலம்' உனக்கு எங்கிருந்து வந்தது என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கேட்கிறான். அங்கே அது மனத்தின் கலக்கம். நம் தெருக்களில் அது வசைச்சொல்.

எல்லாமே வெளியிலிருந்து வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். மழை தூறினால் என் ஆயா வாசலில் நின்று, "மய வர்து, வூட்டாண்ட வந்து குந்து" என்பார். 'ஆண்ட' என்பது அண்டை வீடு, அண்டை மாநிலம் என்கிறோமே, அந்த அண்டைதான். பக்கம் என்று பொருள்படும் பெயர் தேய்ந்து வேற்றுமை உருபின் வேலையை எடுத்துக்கொண்டது. பிறகு அது இடத்திலிருந்து ஆளுக்குத் தாவியது: கடையாண்ட என்றால் கடைக்கு அருகில், 'என்னாண்ட துட்டு இல்ல' என்றால் கையில் காசில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் சொல்லும் 'என்கிட்ட' வந்ததும் இதே பாதையில்தான். கிட்டே என்றாலும் பக்கம் என்றுதானே பொருள். டீச்சர் அன்று 'பொண்ணுகிட்ட' என்றார். ஆயாவாக இருந்தால் 'பொண்ணாண்ட' என்றிருப்பார்.