சவரக் கத்திக்குத் தோல் வார் எதற்கு?

சாணைக்கல்லில் தீட்டுவதும் தோல் வாரில் இழுப்பதும் ஒரே வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், கல் எஃகைத் தேய்த்தெடுத்துப் புது விளிம்பை உண்டாக்குகிறது. தோல் எஃகை எடுப்பது மிக மிகக் குறைவு. இருக்கிற விளிம்பை நேராக்கி, வழித்துச் சுத்தமாக்கி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. எதை எப்போது செய்வது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு சவரத்திலும் அந்த விளிம்பு என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி சலூன்களில் இப்போது பெரும்பாலும் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்திதான். ஒருவருக்குப் போட்டதும் பிளேடை எறிந்துவிடுவதால் தொற்று பயம் குறைவு. தீட்டும் வேலையும் இல்லை. நாம் பேசுவது, வீட்டில் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தியைப் பற்றி.

அந்தக் கத்தியின் தடித்த முதுகுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. முதுகின் தடிமன் 4.5 மி.மீ., முதுகிலிருந்து விளிம்பு வரை அகலம் 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதுகும் விளிம்பும் ஒருசேரப் படும்படி படுக்கவைத்துத் தீட்டினால் விளிம்பின் கோணம் சுமார் 16 டிகிரி வரும். காய்கறி நறுக்கும் கத்திக்கு 30 முதல் 40 டிகிரி வரை இருக்கும். 16 டிகிரியில், நுனியிலிருந்து 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ளே போனால் அங்கே எஃகின் தடிமன் 0.3 மைக்ரான்கூட இல்லை. அது வெட்ட வேண்டிய தாடி முடியோ கிட்டத்தட்ட 100 மைக்ரான்.

இவ்வளவு மெல்லிய எஃகு மூன்று விதமாகக் கெடுகிறது. முதலாவது, வளைவு. கல்லில் தீட்டியபின் நுனியில் ஒட்டி நிற்கும் பிசிறு முடியில் பட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இதைத் தோல் சரிசெய்யும்.

இரண்டாவது, சில்லு பெயர்வது. முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடி எஃகை உடைக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் ஒருமுறை பயன்படுத்தும் பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து முடியை வெட்டிப் பார்த்து, 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் காரணத்தை வெளியிட்டார்கள். எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. முடி வளைந்து சாய்வாக அழுத்தும்போது, அந்த இரண்டும் சேரும் இடத்தில், ஏற்கெனவே நுண்ணிய குறை இருந்தால், சில்லு பெயர்கிறது. முடியை வெந்நீரில் 2, 3 நிமிடம் ஊறவைப்பதும், முகத்துத் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து மழிப்பதும் முகத்துக்கு மட்டுமல்ல, கத்திக்கும் நல்லது. ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். விளிம்பின் மேல் விழும் அழுத்தம் குறையும். பெயர்ந்த சில்லைத் தோல் வாரால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்குக் கல்தான்.

மூன்றாவது, துரு. நம் கடலோர ஊர்களுக்கு இதுதான் முக்கியம். கடல் காற்றில் வரும் உப்புத்தூள் கத்தியில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கத்தி நனையாமலே நனைகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிப்பதும் இதனால்தான். ஜன்னல் கம்பியில் ஒரு மைக்ரான் போனால் யாருக்கும் தெரியாது. சவரக் கத்தியில் ஒரு மைக்ரான் போனால் கூரே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதன் வேகம் இன்னும் அதிகம்.

சவரத்துக்கு முன் மட்டும் வாரில் இழுப்பது பொதுவான பழக்கம். கடலோரத்தில் அது போதாது. முடிந்த பிறகும் இழுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வோம். நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியில் ஒற்றி, லினன் அல்லது கான்வாஸ் துணிப் பட்டையில் 10 சுற்று (போய்த் திரும்பினால் ஒரு சுற்று) இழுத்தால் துணிக்கு எட்டாத ஈரமும் சோப்பும் போய்விடும். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். கத்தியைக் குளியலறையிலும் வைக்காதீர்கள்.

சவரத்துக்கு முன் லினனில் 20 சுற்று, தோலில் 40 சுற்று. வாரின் ஒரு முனையை இடுப்பு உயரத்தில் கொக்கியில் மாட்டி, தொய்யாமல் இழுத்துப் பிடியுங்கள். முதுகும் விளிம்பும் தோலில் படட்டும். எப்போதும் முதுகு முன்னே போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். கடைசியில் நிறுத்தி, முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்புங்கள். கத்தியின் எடையே போதும். கையால் அழுத்த வேண்டாம். வார் 7.5 செ.மீ. அகலமாக இருந்தால் நேராக இழுக்கலாம். குறுகலானதில், அடி முதல் நுனி வரை விளிம்பு முழுவதும் படும்படி குறுக்காக இழுக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் திரும்பும் இடத்தில்தான் நடக்கிறது. நிற்பதற்குள் புரட்டினால் விளிம்பு தோலில் குத்தி, வாரும் கிழியும், கூரும் போகும். அவசரமே இதற்குக் காரணம். ஆரம்பத்தில் ஒவ்வொரு இழுப்பையும் எண்ணி, மெதுவாகச் செய்யுங்கள். வார் தொய்ந்தாலும் அழுத்தினாலும், கத்தி கடந்தபின் தோல் எழும்பி நுனியைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். அப்போது எத்தனை சுற்று இழுத்தாலும் கத்தி மொக்கையாகிக்கொண்டேதான் போகும். இன்னொன்று, மணல். கடற்கரை மணலில் குவார்ட்ஸ் ஏராளம். அது கத்தி எஃகைவிடக் கடினமானது. தோலில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் விளிம்பில் பல் விழும். இழுக்குமுன் உள்ளங்கையால் வாரை நன்றாகத் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

கல்லுக்குப் போகும் நேரத்தை ஒரு விளக்கு காட்டிவிடும். விளிம்பை நேரே கண்ணை நோக்கி வைத்து, விளக்கொளியில் மெல்லச் சாயுங்கள். கூரான விளிம்பில் ஒளி தெறிக்காது. எங்காவது மினுக்கினால் அந்த இடம் மழுங்கியோ பெயர்ந்தோ இருக்கிறது. வாரில் இழுத்த பிறகும் கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தால், 8000 எண் கல்லிலும் 12000 எண் கல்லிலும் (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நயமாகும்) தண்ணீர் விட்டு லேசாகத் தீட்டினால் பெரும்பாலும் சரியாகும். பச்சை மெருகுப் பொடியான குரோமியம் ஆக்சைடு பூசிய தனி வாரில் 5 முதல் 10 சுற்று இழுத்தும் இதைத் தள்ளிப்போடலாம். அந்தத் துகள் 0.5 மைக்ரான்தான் என்றாலும் எஃகைத் தேய்க்கவே செய்யும். திரும்பத் திரும்ப அதிலேயே இழுத்தால் விளிம்பின் இரு பக்கமும் வயிறு தள்ளி, கோணம் விரிந்துவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்ட கத்தியை 1000 எண் கல்லிலிருந்துதான் தொடங்கித் தீட்ட வேண்டும்.