அமுக்கிய எழுத்தும் குறுக்கி வரைந்த எழுத்தும்

தலைப்பு போஸ்டரின் அகலத்துக்குள் அடங்கவில்லையா? கணினியில் எழுத்துப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தலைப்பு அடங்கிவிடும், எழுத்து கெட்டுவிடும். செங்குத்துக் கோடு 100 அலகும் கிடைக்கோடு 90 அலகும் தடிமன் கொண்ட எழுத்தை 70 சதவீத அகலத்துக்கு அமுக்கிப் பாருங்கள். செங்குத்துக் கோடு 70 ஆக மெலியும். கிடைக்கோடு 90 ஆகவே நிற்கும். ஆங்கில 'ஓ' தலையும் அடியும் வீங்கி, பக்கங்கள் சூம்பித் தெரியும். அழுத்தம் வேண்டித்தானே தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம்? முதலில் பறிபோவது அந்த அழுத்தம்தான்.

குறுகிய தடித்த சான்ஸ் செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு நீட்சிகள் இல்லாத) எழுத்துருவைத் தொடக்கத்திலிருந்தே குறுகலாக வரைகிறார்கள். வட்டங்களின் பக்கவாட்டை நிமிர்த்தி நேராக்குவார்கள். செங்குத்துக் கோட்டின் தடிமனைக் காப்பாற்றி, கிடைக்கோட்டைச் சற்றே மெலிய விடுவார்கள். இரண்டு கோடுகள் சேரும் மூலையைக் கொஞ்சம் செதுக்குவார்கள். செதுக்காவிட்டால் அந்த இடம் கறுப்புத் திட்டாக அடைத்துக்கொள்ளும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உயரத்தைக் கூட்டுவார்கள். எழுத்துக்குள் இருக்கும் வெளியும் இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெளியும் ஏறத்தாழச் சமமாக அமைந்தால், வேலிக் கம்பிகளைப் போலச் சீரான தாளம் கிடைக்கும்.

மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்த ஆல்டர்நேட் காதிக் என்ற குறுகிய எழுத்துரு மூன்று அகலங்களில் வந்தது. அமுக்கித் தேவையைச் சமாளிக்காமல் ஒவ்வோர் அகலத்தையும் தனியாகச் செய்தார்கள். ஜெஃப்ரி லீ வரைந்த இம்பாக்ட் எழுத்துரு 1965இல் ஸ்டீஃபன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகத்திலிருந்து வந்தது. எழுத்துக்குள் இருக்கும் அந்த உள்வெளியை எவ்வளவு சுருக்கலாம் என்பதன் எல்லையை அதில் காணலாம். 1996 முதல் மைக்ரோசாஃப்ட் அதை இணையத்துக்கான இலவச எழுத்துருக்களில் சேர்த்து வழங்கியது. பெரும்பாலான கணினிகளில் இருந்ததால்தான் மீம்களின் எழுத்தாகவும் அது நிலைத்தது.

உள்வெளிதான் இவ்வகை எழுத்தின் உயிர். அச்சில் மை பரவும், துணியில் இன்னும் அதிகமாகப் பரவும். எழுத்தளவை 1000 அலகாகப் பிரித்தால் உள்வெளி 60 அலகு என்று வைத்துக்கொள்வோம். 24 புள்ளி (பாயின்ட்) அளவில் அது சுமார் அரை மில்லிமீட்டர். 10 புள்ளி அளவில் 0.2 மில்லிமீட்டர்தான். முதலாவது பிழைக்கும், இரண்டாவது அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஆபத்து திசை மாறுகிறது: சுற்றியுள்ள மை எழுத்தின் கோட்டையே தின்னும். எழுத்தைச் சுற்றி விளிம்புக் கோடு போடுபவர்கள் அதை வெளிப்பக்கம் மட்டும் போட வேண்டும். நடுவில் போட்டால் பாதித் தடிமன் எழுத்துக்குள் நுழைந்துவிடும்.

ஆகவே இது சில சொற்களுக்கான எழுத்து. தலைப்பு, போஸ்டர், வீடியோ முகப்புப் படம், விளையாட்டுச் சட்டையின் பெயர் ஆகியவற்றுக்குப் பொருந்தும். பத்திக்குப் பொருந்தாது. தொலைபேசி எண், மருந்தின் அளவு, காலாவதித் தேதி ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டாம்: 3, 6, 8, 9 ஆகியவற்றின் வாய்கள் குறுகி ஒன்றுபோலத் தெரியும். தவறாகப் படித்தால் விளைவு படிப்பவருக்குத்தான். ஜெர்மனியின் எழுத்து வடிவத் தரமான டின் 1451-இலும் சாலைப் பலகைகளுக்கு நடுத்தர அகலமே வழக்கம். குறுகிய வடிவம் இடம் போதாதபோதுதான்.

இணையதளங்களில் ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆன்டன், பெபாஸ் நியூ என்ற குறுகிய எழுத்துருக்கள் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் 400 என்ற ஒரே எடையில் (தடிமன் அளவில்) கிடைக்கின்றன. தலைப்பு டேகுகளை (h1, h2 போன்றவை) உலாவி தானாகவே தடிமனாக்கும். தடித்த கோப்பு இல்லாததால் எழுத்தை அதுவே செயற்கையாக ஊதிவிடும், உள்வெளி மூடிக்கொள்ளும். தலைப்புக்கு எடை 400 என்று எழுதினால் போதும். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட் சிந்தசிஸ் (font-synthesis) என்ற பண்பை 'நன்' (none) என்று வைத்தாலும் சரியாகும்.

தமிழ் எழுத்தைக் குறுக்குவது இன்னும் கடினம். ண-வின் சுழிகள் நெருங்கி ஒட்டினால் ன-வாகத் தெரியும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் 'மணம்', 'மனம்' என்ற இரண்டையும் அடுத்தடுத்து அடித்து, உண்மையான அளவில், கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். 'கெ', 'கே' இரண்டையும் கொம்பின் மேற்சுழி மட்டுமே பிரிக்கிறது; 'கி', 'கீ' இரண்டையும் விசிறியின் (மேல்விலங்கின்) முனைச் சுழி. தடிமன் கூடும்போது முதலில் அடைவது இந்தச் சிறு சுழிகள். அனெக் தமிழ் எழுத்துருவில் அகலத்தை 75 முதல் 125 வரையும், நோட்டோ சான்ஸ் தமிழில் 62.5 முதல் 100 வரையும் மாற்றலாம். எல்லைக்கு ஓடாதீர்கள். அகலத்தைக் குறைக்கும்போது எடையையும் ஒரு படி இறக்குங்கள்.

ஆங்கிலப் பேரெழுத்துத் தலைப்புக்கு வரி உயரம் எழுத்தளவில் 0.9 மடங்கு போதும், கீழே தொங்கும் பகுதி இல்லாததால். அதே எண்ணைத் தமிழுக்குப் போட்டால் மேல் வரியின் 'ழு', 'து' ஆகியவற்றின் வால் கீழ் வரியின் புள்ளியிலும் விசிறியிலும் மோதும். 1.25இல் தொடங்குங்கள். அப்போதும் மோதினால் எண்ணை மேலும் கூட்டுவதற்கு முன், வரியை வேறொரு சொல்லில் உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.