உறைந்த இழையம் கத்தியில் ஏன் உதிர்கிறது?

வவுனியாவின் சில பகுதிகள் உட்பட இலங்கையின் உலர்வலயத்தில், காரணம் முழுதாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளை வருத்துகிறது. சிறுநீரக நோயில் ஊசியால் எடுக்கும் இழையத் துணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலம்தான். நோயெதிர்ப்புப் புரதங்கள் அதில் படிந்துள்ளனவா என்று ஒளிர்சாயமிட்டுப் பார்க்க, வழக்கமாக அதை உறையவைத்து, கிரையோஸ்டாட் என்ற குளிர்ப்பெட்டிக்குள் சில மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுவார்கள். அங்கே துணுக்கு தூளாகிப் போனால், இன்னொன்று எடுக்க நோயாளிக்கு மறுபடியும் ஊசி போட வேண்டும்.

உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம், துணுக்கு அளவுக்கு மீறிக் குளிர்ந்திருப்பதுதான். -20 பாகை செல்சியசிலும் இழையத்து நீர் முழுவதும் பனிக்கட்டியாவதில்லை. உப்பும் புரதமும் செறிந்த கொஞ்ச நீர் பளிங்குகளுக்கு இடையில் உறையாமல் நிற்கும். கத்தி இறங்கும்போது வளைந்து கொடுப்பது அதுதான். குளிர் கூடக் கூட அதுவும் இறுகிவிடும். கோடையில் காய்ந்த பனங்கட்டியை வெட்டினால் தெறிக்கும், மாரியில் கசிந்ததை வெட்டினால் கத்தியில் ஒட்டும், இழையமும் அப்படித்தான்.

ஆகவே -80 பாகை உறைபெட்டியிலிருந்து எடுத்ததை உடனே வெட்டக்கூடாது. கிரையோஸ்டாட்டுக்குள் அரை மணி நேரமாவது வைத்து, பெட்டியின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். அப்புறமும் வெடிப்பு விழுந்தால், துணுக்கை நகர்த்தும் சக்கரத்தைப் பூட்டி, கத்தியை மூடிவிட்டு, கையுறை போட்ட பெருவிரலைத் துணுக்கின் முகத்தில் சில நொடி வையுங்கள். அடுத்த சீவல் முழுதாக வந்தால் குளிர்தான் குற்றவாளி; பெட்டியை இரண்டு மூன்று பாகை உயர்த்தினால் போதும். எல்லா உறுப்புக்கும் ஒரே அளவு பொருந்தாது. மூளைக்கும் ஈரலுக்கும் -10 முதல் -15 போதும், கொழுப்புக்கு -25க்குக் கீழே போக வேண்டும்.

சூட்டால் தீராத உதிர்வும் உண்டு. தானாகப் பனி நீக்கும் வீட்டு உறைபெட்டியில் நெடுநாள் கிடந்த துணுக்கு காய்ந்துபோயிருக்கும். இறுக்கிச் சுற்றி வைப்பதுதான் காப்பு. மொட்டைக் கத்தியும் தளர்ந்த திருகும் சீவலில் இணைகோடுகள் போடும். புது பிளேட் மாற்றிப் பாருங்கள்.

நுணுக்குக்காட்டியில் கலங்களுக்குள் ஓட்டைகள் தெரிந்தால், பிழை வெட்டியதில் இல்லை, உறையவைத்ததில். மெதுவாக உறைந்தால் பனிப்பளிங்கு பெரிதாக வளர்ந்து கலத்தைக் கிழிக்கும். கரண்ட் போய், பாதி இளகி, மறுபடி உறைந்தாலும் இதேதான். அதைப் பிறகு திருத்துவது கடினம். நேரே திரவ நைதரசனுக்குள் போடுவதும் நல்லதல்ல: துணுக்கைச் சுற்றி வாயுப்படலம் உருவாகிக் குளிர்வதைத் தாமதப்படுத்தும், பெரிய துண்டென்றால் வெடித்தும் விடும். நைதரசனால் குளிரூட்டிய ஐசோபென்டேன் என்ற திரவத்தில் அமிழ்த்துவதே சரி.

வன்னியில் நைதரசன் கையில் இல்லாத இடத்திலிருந்து துணுக்கை அனுப்ப வேண்டியிருந்தால், அரைகுறையாக உறையவைத்து ஏ9 வீதி வெயிலில் இளகவிடுவதை விட, உறையவைக்காமலே மிசெல் கரைசலில் அனுப்புவது எவ்வளவோ மேல். ஒளிர்சாயச் சோதனைக்கு வேண்டிய புரதங்கள் அதில் அறை வெப்பநிலையிலும் சில நாட்கள் கெடாமல் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் தாங்கல் கரைசலில் கழுவி, அங்கேயே உறையவைத்து வெட்டலாம்.