கூதிர்ச் சோர்வு

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் குளிர் பிறந்தால் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில் சில நாற்காலிகள் காலியாகிவிடும். கேட்டால், "உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுந்து கிளம்ப மனசு வரவில்லை" என்பார்கள். நாள் முழுக்கத் தூக்கம், சோறும் இனிப்பும் தின்னத் தோன்றும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. செப்டம்பரில் தானாக விலகும். அடுத்த குளிருக்குத் திரும்பவும் வரும்.

மருத்துவர்கள் இதை 'சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்' என்கிறார்கள். 1984-இல் இதை அந்தப் பெயரோடு விவரித்தவர் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர். அவர் பிறந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில்தான்! அமெரிக்கா போன பிறகு, அங்கத்திய இருண்ட குளிர்காலத்தில் தானே சுருண்டுபோவதைக் கவனித்தார்.

தமிழில் இதைப் 'பருவகால மன அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அழுத்தம் என்றதும் எதிரில் இருப்பவர் "என்ன பிரச்சினை? வேலையில் தொல்லையா, வீட்டிலா?" என்று கேட்கிறார். சொல்வதற்குக் காரணம் ஏதும் இல்லாதவர் கூனிக் குறுகிப்போகிறார். 'மனச்சோர்வு'தான் சரி. சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல், வழிதல். கூந்தல் சோரும், கண்ணீர் சோரும். கட்டு தளர்ந்து தானாகச் சரிவதுதான் சோர்வு. இந்த நோயில் நடப்பதும் அதுவே: காலை வெளிச்சம் குறைய, உடம்பின் உள்கடிகாரம் பிசகுவதாகக் கருதுகிறார்கள்.

சரி, பருவத்துக்கு என்ன சொல்? 'பருவகாலம்' எல்லாப் பருவத்துக்கும் பொது. 'வாடைச் சோர்வு' என்று சொல்ல ஆசைதான். சங்கப் பாடல்களில் பிரிந்தவரை வாட்டுவது வாடைதானே. ஆனால் வாடை வடக்கிலிருந்து வரும் காற்று. இங்கே குளிர் தென்மேற்கிலிருந்து வருகிறது. 'மார்கழி' என்றும் சொல்ல முடியாது. இங்கே மார்கழி கோடைகாலம். மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் காய்ச்சும் நாளில்தான் நமக்குக் கை விறைக்கிறது.

அதனால் 'கூதிர்' என்ற சொல்லை எடுக்கலாம் என்பேன். பழைய கணக்கில் அது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவம். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் இருப்பது குளிர். தென்பாண்டிப் பக்கம் "கூதலடிக்குது" என்பதும் அதன் உறவுதான். மாதத்தையும் திசையையும் நம்பாத சொல், கடல் கடந்தும் பொருந்தும். கூதிர்ச் சோர்வு.

இதற்கான சிகிச்சைகளில் ஒன்று 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் தினமும் காலையில் அரைமணி நேரம் உட்காருவது. கண் நோயோ, மனம் மிக எழுந்து மிக விழும் இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஜூனில் இங்கே பகல் சுமார் பத்தரை மணி நேரம்தான், டிசம்பரைவிட மூன்று மணிக்கு மேல் குறைவு. ஆனால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அறைக்குள் சில நூறு லக்ஸ் கிடைத்தாலே அதிகம். வாசலில் அதைப் போலப் பல மடங்கு. நம் முன்னோர் இதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள், வெயில் காய்தல்.

இரண்டு வாரமாகியும் சோர்வு விடவில்லை, அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் தொலைபேசி உதவியும் இருக்கிறது.

இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். எங்கள் எதிர்வீட்டு ஆயா அதற்காகவே வடக்குப் பார்த்த படியில் நாற்காலி போடுகிறார். அப்புறம் வகுப்புக்கு வராதவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, "டீ போட்டிருக்கேன், வெயில் காய வா" என்கிறார்.