உங்களுக்காக எழுதப்படாத பின்னூட்டம்

திருமந்திரம் பற்றித் தமிழில் எழுதிய பதிவுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு வந்து நிற்கும். அருமையான பதிவாம், பல நாளாகத் தேடிய தகவலாம், தொடர்ந்து எழுத வேண்டுமாம். எழுதியவரின் பெயர் 'மலிவு விலைக் காலணிகள்'. அதைச் சொடுக்கினால் எங்கோ ஒரு கடை திறக்கும். இதுதான் பின்னூட்ட ஸ்பேம்: சுட்டி போடுவதற்காகவே குவிக்கப்படும் குப்பை.

இதைப் போய் யார் சொடுக்குவார்கள் என்று தோன்றும். யாரும் சொடுக்க வேண்டாம், தேடுபொறி பார்த்தால் போதும். 1998இல், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறது. ஒரு சுட்டி ஓர் ஓட்டு. வலைப்பூக்கள் பெருகி, அடுத்தவர் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் சுட்டி போடலாம் என்று ஆனதும் கள்ள ஓட்டு தொடங்கிவிட்டது.

போடுவது பெரும்பாலும் மனிதர்களும் அல்ல. நாம் பார்க்கும் பின்னூட்டப் பெட்டி, நிரலுக்கு வெறும் படிவம்: பெயர், மின்னஞ்சல், தள முகவரி, உரை. சாதாரணமாக, வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளில் இயங்கும் தளத்தில் இந்தப் படிவத்தை வாங்கிக்கொள்ளும் கோப்புக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர். அதனால் பாட் (தானாக இயங்கும் நிரல்) பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், நேராக அந்தக் கோப்புக்கே படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறது. ஆயிரம் தளங்களுக்கு அனுப்பவும் லட்சம் தளங்களுக்கு அனுப்பவும் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்தச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறியை அறிவித்தன. பின்னூட்டத்தில் வரும் சுட்டிகளில் வலைப்பூ மென்பொருள் இந்தக் குறியை ஒட்டிவிடும். தேடுபொறி அந்த ஓட்டை எண்ணாது என்பது அன்றைய ஏற்பாடு. லாபம் போனால் ஸ்பேம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. எந்தத் தளத்தில் குறி இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பதைவிட எல்லாவற்றிலும் போட்டுவிடுவது மலிவு. நூற்றில் ஒன்று தேறினாலும் நட்டமில்லை.

அடுத்த வழி, உரையைப் படித்துத் தரம் பிரிப்பது. தடைசெய்த சொற்களின் பட்டியல் வைத்துப் பார்த்தார்கள். ஓர் எழுத்தை மாற்றினால் பட்டியல் தோற்றது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுச் சூத்திரம் இந்த இடத்தில் கைகொடுத்தது. மின்னஞ்சல் ஸ்பேமைப் பிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரை அதைப் பரவலாக்கியது.

கணக்கு எளிதுதான். நல்ல பின்னூட்டங்கள் 1,000, ஸ்பேம் 1,000 என்று இரண்டு குவியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை). 'காசினோ' என்ற சொல் ஸ்பேமில் 200 முறையும் நல்லதில் 2 முறையும் வருகிறது. ஆக, இந்தச் சொல் ஸ்பேம் பக்கம் 100-க்கு 1 என்று சாய்கிறது. 'அருமை' ஸ்பேமில் 300, நல்லதில் 450. இது 2-க்கு 3 என்று நல்ல பக்கம் சாய்கிறது. புதிதாக வரும் பின்னூட்டத்தில் இரண்டு சொற்களும் இருந்தால் விகிதங்களைப் பெருக்க வேண்டியதுதான்: ஏறத்தாழ 67-க்கு 1. அதாவது, ஸ்பேமாக இருக்க 98 விழுக்காட்டுக்கும் கூடுதலான வாய்ப்பு. சொற்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக வருகின்றன என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. எந்த மொழியிலும் அது உண்மையில்லை. இருந்தும் வேலை செய்கிறது. 'காசினோ' கெட்ட சொல் என்று யாரும் கணினிக்குச் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நாம் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்த அழுத்த அதுவே குவியல்களிலிருந்து கற்றுக்கொள்கிறது.

கிரஹாம் இன்னொன்றும் செய்தார்: சந்தேகம் வந்தால் நல்ல பக்கமே சாயட்டும் என்று நல்ல குவியலின் எண்ணிக்கைகளை இரண்டால் பெருக்கினார். ஒரு ஸ்பேம் தப்பி வந்தால் அழித்துவிடலாம். உண்மையான வாசகரின் கடிதம் குப்பைக்குப் போனால் அது வந்ததே தெரியாது.

ஸ்பேமர்களும் சும்மா இருக்கவில்லை. நல்ல சொற்களை அள்ளிப் போட்டு விகிதத்தைக் கெடுத்தார்கள். வேறு தளத்தில் யாரோ உண்மையாக எழுதிய பின்னூட்டத்தை அப்படியே நகலெடுத்தார்கள். ஒரே வாக்கியத்துக்குள் 'அருமை, சிறப்பு, பிரமாதம்' என்று மாற்றுச் சொற்களை அடுக்கிய வார்ப்புரு ஒன்றை வைத்து, ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொன்றைப் பொறுக்கி அனுப்பினார்கள். சில சமயம் நிரல் சறுக்கி, பொறுக்காத வார்ப்புரு முழுவதும் அடைப்புக்குறிகளோடு வந்து விழும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

உரை பொய் சொல்லத் தொடங்கிவிட்டால் உரைக்கு வெளியே பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக் 2005இல் கொண்டுவந்த அகிஸ்மெட் என்ற ஸ்பேம் வடிகட்டும் சேவையின் பலம் அதுதான். என் தளத்துக்கு வந்த ஒரு பாராட்டைத் தனியாகப் பார்த்தால் சந்தேகப்பட எதுவுமில்லை. பல தளங்களின் பின்னூட்டங்களும் ஒரே இடத்துக்குச் சோதனைக்கு வரும்போது, அதே சுட்டி அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான தளங்களில் இறங்குவது அங்கே தெரிந்துவிடும். பெருமளவில் அனுப்புவதுதான் ஸ்பேமரின் பிழைப்பு, காட்டிக்கொடுப்பதும் அதுவே. பதிலுக்கு, நம் வாசகரின் பின்னூட்டத்தையும் ஐபி முகவரியையும் வெளியாரிடம் ஒப்படைக்கிறோம். இந்த விலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கேப்சாவின் கதை வேறு. கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்ச வைப்பது பாட்டுக்குச் செலவு ஏற்றும் முயற்சி. செலவு ஏறியது மனிதருக்கு. கூகுளின் பிளாக்கரில் வலைப்பூ எழுதிய காலத்தில் 'வேர்ட் வெரிஃபிகேஷனை எடுத்துவிடுங்களேன்' என்று தமிழ்ப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். கூலிக்கு ஆள் வைத்துப் புதிர்களை விடுவிக்கும் தொழிலும் கிளம்பியது. 2014இல் கூகுளே, தன் நிரல் மிகக் கடினமான கோணல் எழுத்துகளையும் 99.8 விழுக்காடு சரியாகப் படித்துவிடுகிறது என்று அறிவித்தது. அதன்பின் 'நான் ரோபோ அல்ல' பெட்டி வந்தது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் பொறிப்பெட்டி. மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்த ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்ப்பார்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் பாட் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தக் கட்டத்தைக் காலியாக விடும்படி ஒரு குறிப்பு வைக்க வேண்டும்.

இப்போது பதிவைப் படித்து, அதற்குப் பொருத்தமாக, தமிழிலேயே பின்னூட்டம் எழுதும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன. சொல்லை எண்ணும் வடிகட்டிக்கு இனி வேலை குறைவு. யார், எங்கிருந்து, எத்தனை இடத்தில் என்ற கேள்விகளுக்கே கனம் கூடும். வேர்ட்பிரஸ் தொடக்கத்திலேயே வைத்திருக்கும் விதி ஒன்று இந்த வகை: ஏற்கெனவே ஒருமுறை அனுமதி பெற்றவரின் பின்னூட்டம் நேராக வெளியாகும், புதியவருடையது காத்திருக்கும். ஸ்பேமர்களுக்கும் அந்த விதி தெரியும். அதனால் முதல் தடவை சுட்டியே இல்லாமல், 'பயனுள்ள தகவல், நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டு அனுமதிக்காகக் காத்திருப்பார்கள்.