ரிப்போர்ட்டில் ஸ்டார் இல்லை, பக்கவாதம் எப்படி வந்தது?

“போன மாசந்தான் ரத்தம் எடுத்தோம் டாக்டர், எல்லாம் நார்மல்.” வாய் கோணி, கையைத் தூக்க முடியாமல் வருபவரின் வீட்டார் இதைச் சொல்லாத வாரம் குறைவு. ரிப்போர்ட்டையும் நீட்டுவார்கள். ஒரு ஸ்டார்கூட இருக்காது.

அந்த ஸ்டார், எண் பொது வரம்பைத் தாண்டினால் கணினி போடும் குறி. அவ்வளவுதான். நீங்கள் சிகரெட் பிடிக்கிறீர்களா, போன வருஷம் கை மரத்து அரைமணியில் சரியானதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 3.0 (mmol/L அளவில்) என்று வைத்துக்கொள்வோம். வேறு தொல்லை இல்லாத முப்பது வயதுக்காரர் அதற்குப் பயப்பட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு அது அதிகம், 2.6-க்குக் கீழே வேண்டும், பலருக்கு இன்னும் கீழே. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு 1.8-க்குக் கீழே. எண் ஒன்றுதான், ஆள்தான் வேறு. வயது, இனம், புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்த்துப் அடுத்த பத்தாண்டுக்கான ஆபத்தைக் கணக்கிடுவது அதனால்தான். “என் கணக்கு எவ்வளவு?” என்று பாலிகிளினிக்கில் கேளுங்கள். “ஸ்டார் இருக்கா?” என்று கேட்காதீர்கள்.

பக்கவாதத்தின் முதல் எதிரி ரத்தக்கொதிப்பு. அது ரத்தப் பரிசோதனையில் தெரியாது. இதயம் தாளம் தப்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதற்கு நாடி பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும். பரிசோதனை பேக்கேஜில் ஹோமோசிஸ்டீன் என்ற கூடுதல் ரத்தப் பரிசோதனையைச் சேர்க்கக் காசு கொடுப்பவர்களே, அதற்குப் பதிலாக மேல்கையில் கட்டும் பிபி மெஷின் வாங்குங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம். சராசரி 135/85 தொட்டால் டாக்டரிடம் வாருங்கள். கேட்டு வாங்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு: லிப்போபுரோட்டீன் (ஏ). ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புத் துகள் அது. பரம்பரையாக வருவது, பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒருமுறை போதும்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு பிராட்டாவையும் தே தாரே எனும் இழுத்த பால் டீயையும் விடுவது யாரை ஏமாற்ற? ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைக் காட்டும். தலசீமியா, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் பிசகலாம்; முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. “கொலஸ்ட்ரால் இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்.” ஐயா, இறக்கியதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும். மாத்திரையால் கால் வலித்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் சிங்கப்பூரில் உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். தண்ணீர், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணி பார்த்து வையுங்கள், ஆம்புலன்சில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.